பூசானில் அம்மா, ஹாங்சோவில் மகள்

2002 ஆசிய விளையாட்டுப் போட்டி தென் கொரியாவின் பூசான் நகரில் நடந்தது. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தவர் இடுக்கி மாவட்டத்துப் பெண் கே.எம். பீனாமோல். அவருக்கு அடுத்து வந்தவர் மாதுரி சக்சேனா. தங்கம், வெள்ளி இரண்டும் இந்தியாவுக்கு. அப்போது மாதுரிக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். இருபத்தொரு ஆண்டு கழித்து, 2023 அக்டோபர் 4-ம் தேதி, சீனாவின் ஹாங்சோ நகரில் அதே ஆசியப் போட்டி, அதே பெண்கள் 800 மீட்டர். அந்த மகள், ஹர்மிலன் பெய்ன்ஸ், இரண்டாவதாக வந்து வெள்ளி வாங்கினார். மூன்று நாள் முன்னால் 1500 மீட்டரிலும் அவருக்கு வெள்ளி கிடைத்திருந்தது.

இந்தக் கதையை டீக்கடையில் யாரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் ரத்தத்துலயே வரணும் சார்." அப்பா அமன்தீப்பும் 1500 மீட்டர் ஓட்டக்காரர், தெற்காசியப் போட்டியில் பதக்கம் வாங்கியவர் என்று சேர்த்துச் சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அம்மா ஓடினார், அப்பா ஓடினார், பிள்ளை ஓடுகிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ரத்தத்தில் வருவது எது, எவ்வளவு என்று ஓரளவு அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதுபோக மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ரத்தம் என்று சொல்லி முடித்துவிட்டால் மாதுரி என்ற பெண்மணி பட்ட பாடு கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

முதலில் அந்த ஓட்டத்தைப் புரிந்துகொள்வோம். மத்திய தூர ஓட்டம் என்றால் முக்கியமாக இரண்டு: 800, 1500. நானூறு மீட்டர் ட்ராக்கில் 800 என்பது இரண்டு சுற்று, 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. நூறு மீட்டர் ஓடுகிறவருக்கு மூச்சைப் பற்றிக் கவலை இல்லை. பத்துப் பன்னிரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். மாரத்தான் ஓடுகிறவருக்கு அநேகமாக எல்லாச் சக்தியும் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை நம்பித்தான். 800 ஓடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அவர் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாக வருகிறது. மீதியை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் தசை தானே அவசரமாகத் தயாரித்துக்கொள்கிறது. 1500-ல் ஆக்சிஜனின் பங்கு ஐந்தில் நான்குக்கு மேல் போய்விடும்.

அந்த அவசரச் சக்தி மாதக் கடைசியில் வாங்கும் கைமாற்று மாதிரி. கேட்டதும் கிடைக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் மோசமான நேரமாக இருக்கும். 800-ல் அது கடைசி 150 மீட்டரில் வருகிறது. தசைக்குள் அமிலத்தன்மை ஏறியிருக்கும். கால் சொன்ன பேச்சைக் கேட்காது. தோள் மேலே தூக்கிக்கொள்ளும், கை பக்கவாட்டில் அலையும், எட்டு குறுகிவிடும். டி.வி.யில் பார்க்கும்போது கடைசி ஐம்பது மீட்டரில் ஒருவர் பின்னாலிருந்து பாய்ந்து வருவதாகத் தோன்றும். பெரும்பாலும் அவர் பாய்வதே இல்லை. எல்லோருக்கும் வேகம் இறங்குகிற இடத்தில் அவருக்கு மட்டும் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. முதல் சுற்றில் எவ்வளவு அடக்கி ஓடினோம் என்பதற்கான பலன் அங்கேதான் தெரியும்.

ஹாங்சோ 800 முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் தருஷி கருணாரத்ன 2 நிமிடம் 3.20 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஹர்மிலன் 2:03.75. மூன்றாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யு 2:03.90. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.55 விநாடி. அந்த வேகத்தில் அது சுமார் மூன்றரை மீட்டர். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு மீட்டர், அதாவது ஓடுகிற காலில் பாதி எட்டு.

இப்போது ட்ராக்கின் வளைவை நினைத்துப் பாருங்கள். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழு வளைவை உள்விளிம்பை ஒட்டி ஓடாமல் இரண்டாவது லேனில் ஓடினால் அந்த ஒரு வளைவிலேயே சுமார் மூன்றரை மீட்டர் அதிகம் ஓடியிருப்போம். ஒரு தங்கத்துக்கும் ஒரு வெள்ளிக்கும் நடுவில் இருந்த அதே தூரம்! 800-ல் முதல் வளைவை மட்டும் அவரவர் லேனில் ஓட வேண்டும். அது முடிந்ததும் எல்லோரும் உள்ளே இறங்குவார்கள், முழங்கையும் குதிகாலும் உரசும். எந்த இடத்தில் உள்ளே நுழைவது, முன்னாலும் பக்கத்திலும் ஆள் அடைத்துக்கொண்டால் எப்படி வெளியே வருவது, யார் முதுகை ஒட்டி ஓடுவது என்பதையெல்லாம் ரத்தம் சொல்லித்தராது. அங்கே ஓடித் தோற்று, ஓடி ஜெயித்தவர்தான் சொல்லித்தர முடியும்.

தருஷியைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு அவர் பதின்ம வயதைத் தாண்டாத பெண். ஆசியப் போட்டித் தடகளத்தில் இலங்கைக்குத் தங்கம் கிடைத்து 21 ஆண்டு ஆகியிருந்தது. முந்தைய தங்கங்களும் பூசானில் வந்தவைதான், சுசந்திகா ஜயசிங்கவும் தமயந்தி தர்ஷாவும் ஓடிய காலத்தில்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். உச்ச முயற்சியில் ஒரு உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது மத்திய தூர ஓட்டத்துக்கு முக்கியமான அளவு. பயிற்சி கொடுத்தால் இது ஏறும். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுமா? 1990-களில் குளோத் புஷார் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைச் சோதித்தார்கள். 'ஹெரிடேஜ்' குடும்ப ஆய்வு என்று பெயர். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத அப்பா, அம்மா, பிள்ளைகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து 20 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. முடிவில் சிலருக்கு அந்த அளவு ஏறவே இல்லை. சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வரை ஏறியிருந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கு ஏறிய அளவு ஓரளவு ஒத்துப்போனது. இந்த ஏற்ற இறக்கத்தில் அதிகபட்சம் 47 விழுக்காடு குடும்ப வழியாக வருவது என்று கணக்கிட்டார்கள். அதிலும் அம்மா வழிப் பங்கு கூடுதலாகத் தெரிந்தது. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு, அது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த 47-ஐ இரண்டு எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அது மேல்வரம்பு. ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒரே பழக்கத்தில் வளர்ந்ததன் பங்கும் அதற்குள் கலந்திருக்கிறது. மரபணு இது, சாப்பாடு இது என்று குடும்பத்தை வைத்து மட்டும் முழுசாகப் பிரித்துவிட முடியாது. இன்னொன்று, பயிற்சி கொடுத்தபிறகு வரும் வித்தியாசத்தைப் பற்றித்தான் அந்த எண் பேசுகிறது. பயிற்சியே இல்லாதவருக்கு அது எதையும் தராது.

ரத்தம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் பக்கத்திலேயே இருக்கிறது. நீளம் தாண்டுதலில் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலும் ஹாங்சோவிலும் வெள்ளி வாங்கிய பாலக்காட்டு முரளி ஸ்ரீசங்கரின் அம்மா பிஜிமோல் 800 மீட்டர் ஓடியவர். 1992-ல் ஆசிய ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கியவர். அப்பா முரளி மும்முறைத் தாண்டுதல் வீரர், மகனுக்குக் கோச்சும் அவரே. மகன் போய் நின்றது தாண்டும் குழியில், அம்மாவின் 800-ல் அல்ல. பூசானில் தங்கம் வாங்கிய பீனாமோலின் தம்பி பினு, அதே போட்டியில் ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அக்காவுக்கும் தம்பிக்கும் ரத்தம் பொது என்பது சரி. காலையில் எழுந்து ஓடப் போகும் வழியும் பொதுதானே!

வெளிநாட்டில் லிஸ் மெக்கோல்கன், எய்லிஷ் மெக்கோல்கன் என்று ஒரு ஜோடி உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் லிஸ் நீண்ட தூர ஓட்டக்காரர். 1990 நவம்பரில் எய்லிஷ் பிறந்தார். அடுத்த ஆகஸ்டில் டோக்கியோ உலகப் போட்டியில் அம்மா 10,000 மீட்டர் சாம்பியன். மகள் முதலில் ஓடியது அப்பா பீட்டர் ஓடிய ஸ்டீபிள்சேஸ் என்ற தடை ஓட்டம். பிறகுதான் அம்மாவின் தூரத்துக்கு வந்தார். 2022-ல் பர்மிங்ஹாமில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 48.60 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 31. அதே காமன்வெல்த் தங்கத்தை அம்மா 1986-லும் 1990-லும் வாங்கியிருந்தார். ரத்தம் மட்டுமே போதுமென்றால் இத்தனை வருஷம் ஆகியிருக்காது.

இப்போது மாதுரிக்கு வருகிறேன்.

நம் நாட்டில் விளையாட்டுக்காரர்களுக்குப் பிழைப்பு என்பது வேலைதான். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி, உணவுக் கழகம் என்று ஏதாவது ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தால் மாதச் சம்பளம் வரும், பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பதக்கத்தை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டும். மாதுரிக்கு பஞ்சாப் மின்வாரியத்தில் வேலைக்கான தேர்வு வந்தது. ட்ராக்கில் இறங்கி ஓடிக் காட்ட வேண்டிய தேர்வு, 1500 மீட்டர். அப்போது அவர் மூன்று மாதக் கர்ப்பிணி. வயிற்றில் இருந்தது ஹர்மிலன். இதை ஹர்மிலனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதம் என்றால் என்ன நிலை என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாந்தி, தலைசுற்றல், நின்றால் களைப்பு. உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறத் தொடங்கியிருக்கும். இதயம் ஓய்வில் இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கும். பழகிய ஓட்டக்காரர் டாக்டர் பார்வையில் நிதானமாக ஓடுவது வேறு. வேலை கையைவிட்டுப் போய்விடுமே என்று மூன்றே முக்கால் சுற்றை முழு வேகத்தில் ஓடுவது வேறு. இதை வீரம் என்று எழுதிப் பாராட்டுவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "இப்போது முடியாது, பிள்ளை பிறந்தபிறகு ஓடுகிறேன்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வழி இல்லாமல் போனதே என்ற கோபம்தான் வருகிறது. அதே நேரத்தில் அவர் ஓடியதை மதிக்காமலும் இருக்க முடியவில்லை. குடும்பத்துக்கு வரப்போகும் மாதச் சம்பளத்துக்காக அவர் ஓடினார். பிறக்கப்போகும் பிள்ளைக்கான பாலும் முட்டையும் அந்தச் சம்பளத்தில்தான் இருந்தது.

1998 ஜூலையில் ஹர்மிலன் பிறந்தார். நான்கு வருஷம் கழித்து மாதுரி ஆசியாவில் இரண்டாவது. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்து, குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய், மறுபடியும் உச்ச நிலைக்கு வருவது லேசுப்பட்ட காரியமல்ல. இதில் அவருக்கு முன்னோடி ஷைனி வில்சன். 1989-ல் டில்லி ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓடியபோது ஷைனியும் கர்ப்பிணிதான். இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த சீன வீராங்கனை ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் தங்கம் ஷைனிக்கு வந்தது. அதே ஷைனி 1995-ல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் 800 மீட்டரை 1:59.85-ல் ஓடினார். இரண்டு நிமிடத்துக்குள் 800 ஓடிய முதல் இந்தியப் பெண், அதுவும் நம் ஊர் ட்ராக்கில், தாயான பிறகு. இது சென்னைக்காரர்களுக்கே அதிகம் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மாதுரியின் மகள் ஊர் ஊராகப் போய் ஓடத் தொடங்கிய காலத்தில் 1500 மீட்டருக்கு நாட்டின் சாதனை 4 நிமிடம் 6.03 விநாடி. அதுவும் பூசானில் பிறந்ததுதான். மாதுரி வெள்ளி வாங்கிய அதே போட்டியில் பஞ்சாபின் சுனிதா ராணி 1500-ல் தங்கம் வாங்கியபோது ஓடிய நேரம் அது. சுனிதாவுக்கு அந்தத் தங்கம் சுலபமாக நிலைக்கவில்லை. ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார் என்று பதக்கங்களைப் பிடுங்கினார்கள். பரிசோதனையிலேயே குளறுபடி இருந்தது தெரியவந்ததும் சில மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த 4:06.03 பத்தொன்பது ஆண்டு அசையாமல் நின்றது. 2021 செப்டம்பரில் வாரங்கலில் நடந்த தேசிய ஓபன் போட்டியில் ஹர்மிலன் 4:05.39 ஓடி அதை முறியடித்தார்.

வித்தியாசம் 0.64 விநாடி. தூரத்தில் சொன்னால் நான்கு மீட்டருக்கும் குறைவு. ஒரு சுற்றுக்கு 65 விநாடிக்குச் சற்றே மேல், அதே வேகத்தில் மூன்றே முக்கால் சுற்று. நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து நூறு மீட்டரை 16.4 விநாடியில் ஓடிப் பாருங்கள். முடியலாம். அதையே நிற்காமல் பதினைந்து முறை ஓட வேண்டும். நாடு முழுக்க எத்தனையோ பெண்கள் பத்தொன்பது வருஷம் பயிற்சி செய்து, முன்னேறியது அந்த நான்கு மீட்டர். அம்மாவின் தலைமுறை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. இப்போது அந்தச் சாதனையும் கை மாறிவிட்டது. 2024-ல் கே.எம். தீக்ஷா 4:04.78 ஓடினார்.

2021-க்கும் 2023-க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ஹர்மிலனுக்கு முழங்காலில் பிரச்சினை, அறுவை சிகிச்சை, பர்மிங்ஹாம் போட்டிக்குப் போக முடியவில்லை. நாட்டுச் சாதனையை உடைத்த மறு வருஷமே ட்ராக்குக்கு வெளியே உட்கார வேண்டியிருந்தது. ஓட்டக்காரர்கள் தொலைந்து போவது பெரும்பாலும் இந்த மாதிரி வருஷத்தில்தான். காயம் ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஓடி மறுபடியும் கெடுத்துக்கொள்வார்கள். அல்லது மனசு விட்டுப்போய் நிறுத்திவிடுவார்கள். வீட்டிலும் "போதும்மா, ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோ" என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள். ஓட்டக்காரர் வீட்டில் அப்படிச் சொல்லத் தோன்றாது. பிள்ளை பெற்ற பிறகும் பதக்கம் வாங்கிய ஒருத்தர் அம்மாவாக இருக்கும்போது, ஒரு வருஷம் ஓடாமல் இருந்தால் வாழ்க்கையே முடிந்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ரத்தத்தைவிடப் பெரிய சொத்தாக நான் நினைப்பது இதைத்தான்: ஓடுவதற்கு யாரும் காரணம் கேட்காத வீடு. ஹோஷியார்பூர் மாவட்டத்து மாஹில்பூர் அவர்கள் ஊர். பஞ்சாபில் கால்பந்துக்குப் பேர் போன இடம், பிள்ளைகள் மைதானத்துக்குப் போவது அங்கே அதிசயமில்லை. ஆனாலும் ஒரு பெண் குழந்தை விடியுமுன் அரை டிராயரில் ஓடப் போனால் பேச ஆள் இல்லாத ஊர் நம் நாட்டில் எங்கேயும் கிடையாது. அந்தப் பேச்சு வாசலோடு நின்றுவிட வேண்டுமென்றால் உள்ளே அதற்குப் பதில் சொல்லி முடித்த ஒருத்தர் இருக்க வேண்டும்.

இன்னும் சாதாரணமான ஒரு விஷயம், சத்து. ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 பேர். அதாவது ஓடத் தொடங்குகிற வயதில் பாதிக்கு மேற்பட்ட பெண்களிடம் ஓடுவதற்கான முதலே குறைவாக இருக்கிறது. அந்தப் பெண் பயிற்சியில் பின்தங்கினால் கோச் சோம்பேறி என்பார், வீட்டில் இவளுக்கு இது சரிப்படாது என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், உண்மை தெரிந்துவிடும். 800 ஓடிய அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மாதவிடாய் நாட்களில் பயிற்சியைக் குறைப்பதா வேண்டாமா, கெண்டைக்காலில் வலித்தால் ஐஸ் வைப்பதா, ஓய்வு கொடுப்பதா, டாக்டரிடம் போவதா என்பதெல்லாம் அவர் தன் உடம்பிலேயே படித்தவை. வேறு வீட்டுப் பெண் இதையெல்லாம் ஆண் கோச்சிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கியே இரண்டு சீசனை இழந்துவிடுவாள்.

இந்த இடத்தில் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வராமல் போகாது. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். அவருக்கு அம்மாவோ அப்பாவோ பதக்கம் வாங்கியவர்கள் அல்ல. தாத்தா ஓட்டக்காரர். குடிசைக்கு வெளியே மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தவரும், முதல் ஷூ வாங்கித் தந்தவரும் அவர்தான். 2006 தோஹா ஆசியப் போட்டியில் அதே பெண்கள் 800 மீட்டரில் சாந்திக்கு வெள்ளி, நேரம் 2:03.16. பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அந்த அநியாயம் இன்னும் திருத்தப்படவில்லை. ஒவ்வொரு இறுதி ஓட்டமும் ஒவ்வொரு விதமாக ஓடப்படுவது, நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியல்ல என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: பதினேழு வருஷம் கழித்து ஹாங்சோவில் தங்கம் வாங்கிய நேரம் 2:03.20.

அதற்கப்புறம் சாந்தி செய்த காரியத்தைப் பாருங்கள். ஊருக்குத் திரும்பி வந்து பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பிறகு தமிழ்நாடு விளையாட்டு ஆணையத்தில் கோச் வேலையும் கிடைத்தது. மாதுரி பெற்ற மகளுக்குக் கொடுத்ததை, சாந்தி ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். முன்னால் ஓடிய ஒருத்தர் பக்கத்தில் நிற்பது ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று ஹர்மிலன் கதை காட்டுகிறது என்றால், அந்த ஒருத்தர் சொந்தத் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய மத்திய தூர ஓட்டக்காரிகள் ரயில்வே ஆபீஸிலும், போலீஸ் ஸ்டேஷனிலும், பள்ளிக்கூடத்திலும் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். பலர் ஓடுவதைப் பற்றிப் பேசியே பல வருஷம் ஆகியிருக்கும்.

ஆகவே படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலோ தெருவிலோ ஒரு பெண் குழந்தை ஓடினால் அவளுடைய அப்பா அம்மா யார் என்று விசாரிக்காதீர்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். தினமும் ஒரு முட்டைக்கும், வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூவுக்கும், விடியற்காலையில் மைதானத்துக்குத் துணையாகப் போக ஒரு ஆளுக்கும் வழி செய்யுங்கள். உங்கள் ஊரில் ஒரு காலத்தில் 800 ஓடிய ஒரு பெண்மணி இருந்தால் அவரைத் தேடிப் பிடித்து, வாரத்துக்கு ஒரு நாளாவது அந்தக் குழந்தையோடு ட்ராக்கில் நிற்கச் சொல்லுங்கள்.